ஆரவாரம் இல்லாத கலை
லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் படங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

கல்லூரி மலரொன்றிலே திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பையும், வேறு சிலருக்கு வெறுப்பையும் தரக்கூடும். ‘படம் பார்க்கப் போகாதே’ என்று பெற்றோராலும் ஆசிரியராலும் கண்டிக்கப்பட்டு வளர்ந்தவர்கள் நம்முட் பலர். அக்கண்டிப்பு முற்றிலும் தவறானதென்று நான் கூறமாட்டேன். நமக்குக் கிடைத்த படங்களுட் பெரும்பாலானவை கண்ணுக்கு மருட்சியும் காதுக்கு இரைச்சலும் தந்தனவேயன்றி, அறிவுக்கு உணவு தந்தனவல்ல. ஆயினும், ஒரு கலையை அதன் கீழ்த்தரமான படைப்புக்களைக் கொண்டு அளப்பது நீதியாகாது. தெருப்பாட்டுக்களைக் கொண்டு கவிதைக் கலையை எவரேனும் அளப்பதுண்டோ? திரைப்படத்தையும் அதன் சிறந்த படைப்பாளிகளைக் கொண்டே அளத்தல் வேண்டும். அத்தகைய படைப்பாளி ஒருவர் நமது நாட்டிலேயே வாழ்ந்தார். தொண்ணூற்றொன்பது ஆண்டு வாழ்ந்து 2018 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் மறைந்தார். அவரே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1956 ஆம் ஆண்டுக்கும் 2006 ஆம் ஆண்டுக்கும் இடையே அவர் நெறிப்படுத்திய முழுநீளப் படங்கள் இருபது.

சிங்களப் படங்களைப் பற்றி ஒரு தமிழன், அதுவும் ஓர் இந்துக் கல்லூரியின் மலரிலே, எழுதவேண்டிய தேவை என்ன என்ற கேள்வி எழும். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம் எனலாம். சிங்களத்தை அரைகுறையாகவே அறிந்த நான், இப்படங்களைப் பார்த்தபோது மொழி எனக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. அது ஏன் என்று ஆராயப் புகுந்தபோதுதான் இவருடைய கலையின் இயல்பு எனக்கு ஒருவாறு விளங்கியது.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஆம் ஆண்டு தை மாதத்திலே திரையிடப்பட்டது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது உருவானது மதுரையிலுள்ள ஒரு படக் கலையகத்திலே. அதைத் தொடர்ந்து ஏறக்குறைய பத்தாண்டு காலம் சிங்களப் படங்களுட் பெரும்பாலானவை தென்னிந்தியக் கலையகங்களில் தென்னிந்திய அச்சிலேயே வார்க்கப்பட்டன. பேச்சு மட்டும் சிங்களம். மெட்டும், அழுகையும், ஆட்டமும், அட்டையிற் செய்த வீடும் நமது தமிழ்ப் படங்களுடையவை. சிங்களக் கிராமம் என்று திரையிலே காட்டப்பட்டது எந்தச் சிங்களவனும் கண்டறியாத ஒரு கிராமம். ஆகவே, பீரிஸ் மாற்ற முனைந்த அந்த நிலைமைக்கு நாமும் ஓரளவு பொறுப்பாளிகள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மையாகும்.

பீரிஸ் கொழும்பிலே ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் வளர்ந்தவர். இளமையில் இலண்டனில் இருந்து பத்திரிகைக்கு எழுதியவர். அங்கேயே குறும்படங்கள் எடுத்துப் பழகியவர். நாடு திரும்பி, அரசாங்கத்தின் படப்பிரிவிலே சில ஆண்டுகள் விவரணப் படங்கள் எடுத்தார். 1955 இல் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தையும் உடன்வர, அப்பதவியைத் துறந்து வெளியேறினார். இம்மூவரும் சேர்ந்து எடுத்த படமே ‘ரேகாவ’. கலையகத்துக்கு வெளியே, மெய்யான வீட்டிலும் மெய்யான வயலிலும், வெயிலிலும் நிழலிலும் கமராவைக் கொண்டுசென்று வைத்தார்கள். கைரேகை பார்ப்பவன் ஒருவனின் வாக்கினால், ஒரு கிராமத்துச் சிறுவனுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டென்று ஊர் நம்புகிறது. தந்தை அதைக் காசாக்குகிறான். நம்பிக்கை பொய்த்தவுடன் அதே ஊர் அச்சிறுவனைப் பழிக்கிறது. கதை இவ்வளவே. 1957 ஆம் ஆண்டு கான் நகரத் திரைப்பட விழாவின் போட்டியில் அது இடம்பெற்றது. உள்நாட்டில் மக்கள் அதை ஆதரிக்கவில்லை.

‘ரேகாவ’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1956 ஆம் ஆண்டின் இறுதியிலே. அவ்வாண்டின் நடுப்பகுதியிலேதான் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறியது. ஒரு மொழி நமக்கு எதிரே மதிலாக எழுப்பப்பட்ட அதே ஆண்டில், அம்மொழியின் முதலாவது உண்மையான திரைக்கலை பிறந்தது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும்போது என் உள்ளம் இன்றும் துணுக்குறுகின்றது. மதிலை மட்டுமே பார்த்து நின்றவர்கள், அம்மதிலுக்கு அப்பால் ஒருவன் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததைக் காணத் தவறினார்கள். அவர்களைக் குறைகூறுவதற்கு எனக்கு மனமில்லை. மதில் மிக உயரமானது. எனினும் கதவு திறந்திருந்தது என்பதும் உண்மை.

பீரிசின் முதிர்ந்த கலை ‘கம்பெரலிய’ என்னும் படத்திலே தொடங்குகிறது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944 இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலுக்கு றெஜி சிறிவர்த்தன திரைவசனம் அமைக்க, 1963 இல் அது படமாயிற்று. தென்னிலங்கைக் கிராமமொன்றில் செல்வாக்கோடு வாழ்ந்த குடும்பம் படிப்படியாக நொடித்துப் போவதும், அக்குடும்பத்துப் பெண்ணுக்கு ஆங்கிலம் கற்பித்த இளைஞன் பியல், குலத்தாற் குறைந்தவனென்று விலக்கப்பட்டு, பின்பு பொருளீட்டி உயர்வதும் கதை. படத்திலே ஆடல் இல்லை, சண்டை இல்லை, கதாநாயகனும் நாயகியும் மரத்தைச் சுற்றிப் பாடும் பாடலும் இல்லை. காட்சிகள் யாவும் கலையகத்துக்கு வெளியே எடுக்கப்பட்டவை. 1965 இல் புதுதில்லியிலே நடைபெற்ற உலகத் திரைப்பட விழாவில் அதற்குத் தங்கமயில் விருது வழங்கப்பட்டது. அவ்விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சத்யஜித் ராய்.

இப்படத்தைப் பார்த்த யாழ்ப்பாணத்தவன் எவனும், ‘இது நமது கதையல்லவா?’ என்று சொல்லாதிருக்க முடியாது. சிங்களத்தில் அப்பெருவீட்டை ‘வளவ்வ’ என்பர்; அச்சொல்லே நமது ‘வளவு’ என்னும் சொல்லை நினைவூட்டும். அவ்வீட்டின் நடுமுற்றமும், தூண்களும், இருள் கவிந்த அறைகளும் நமது நாற்சார் வீடுகளைப் போன்றவை. வாயைத் திறந்து ‘விரும்புகிறேன்’ என்று சொல்லத் தெரியாத பெண்பிள்ளை. படித்தவனாயினும் ‘அவன் ஆருடைய மகன்?’ என்று கேட்கும் பெற்றோர். வறுமை வந்தபின்பும் பெருமையை விற்க மனமில்லாத குடும்பம். காணி ஈட்டின்மேல் ஈடு வைத்துச் சடங்குகளைக் குறைவின்றி நடத்தும் வீம்பு. இவை யாவும் நமது ஊரிலே நாம் கண்டவையே. நாம் கண்டும் எழுதத் தயங்கியதை, எழுதியும் படமாக்கத் தவறியதை, அந்த மனிதர் தமது ஊரிலே செய்து காட்டினார்.

அவருடைய முறை எத்தகையது என்பதை இங்கே கூறவேண்டும். நந்தா என்னும் அப்பெண்ணின் துயரத்தை அவர் கண்ணீரினாற் காட்டுவதில்லை. அவள் ஒரு சாளரத்தருகே நிற்பாள்; கடிதமொன்றை மடிப்பாள்; தாயின் பேச்சைக் கேட்டுத் தலை குனிவாள். கமரா அவளை நெருங்காமலும் விலகாமலும் பொறுத்து நிற்கும். நடிகை புண்யா ஹீந்தெனியவின் முகம் அந்தப் பொறுமைக்கு ஏற்ற முகம். ஆங்கில வீட்டிலே வளர்ந்து, தமது மக்களின் கிராமத்துக்கு ஓர் அயலானைப் போலச் சென்றவர் பீரிஸ். தெரியாத வீட்டுக்குள் நுழைபவன் உரத்துப் பேசமாட்டான், கூர்ந்து பார்ப்பான். அவருடைய படங்களின் அடக்கம் இந்த அயன்மையிலிருந்து பிறந்ததென்பது எனது துணிபு. அவரே ஓர் அயலானாக நின்று பார்த்தபடியினாற்றான், வேற்று மொழிக்காரனாகிய எனக்கும் அவர் அருகிலே ஓர் இடம் கிடைத்தது.

1966 இல் வந்த ‘தெலோவக் அதர’ கொழும்புச் செல்வரின் வாழ்வைத் தொடுவது. செல்வர் மகன் ஒருவனின் மோட்டார் வண்டியில் அடிபட்டு ஓர் ஏழை இறக்கிறான். பழியை வேறொருவன்மேற் சுமத்திவிடலாம் என்று குடும்பம் ஆலோசிக்கிறது. மகனின் மனச்சாட்சி அதற்கு இணங்க மறுக்கிறது. 1968 இல் வந்த ‘கொளு ஹதவத்த’ பள்ளிக்கூடப் பருவத்துக் காதலொன்றைப் பற்றியது. அதன் சிறப்பு, நடந்தவற்றை முதலிலே இளைஞனின் கண்கொண்டு காட்டிவிட்டு, பின்பு அவற்றையே அப்பெண்ணின் உள்ளத்திலிருந்து காட்டுவதிலே உளது. அவளை நெஞ்சிரக்கமற்றவள் என்று எண்ணியிருந்த நாம், பிற்பகுதியிலே நாணித் தலைகுனிகிறோம். பிறர் உள்ளத்தை அறியாது தீர்ப்புக் கூறும் நமது பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த கண்டனத்தை நான் திரையிலே கண்டதில்லை. 1969 இல் வந்த ‘அக்கர பஹ’ குடும்பத்தின் உடைமையெல்லாம் ஒரு மகனின் படிப்புக்காகக் கரைந்து போவதையும், பின்பு அக்குடும்பம் வரண்ட பிரதேசத்தில் ஐந்து ஏக்கர் காணியிலே வாழ்வைத் தொடங்குவதையும் கூறுவது. மகனைப் படிப்பிப்பதற்காகக் காணியை ஈடு வைத்த தந்தையரை அறிந்த நமது மாணவர்கள் அதை அவசியம் பார்த்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் மேலானதாக நான் கருதுவது ‘நிதானய’ என்னும் படமே. 1997 இல், இலங்கைத் திரைப்படத்தின் முதல் ஐம்பதாண்டுகளுட் சிறந்த படமென்று அது தெரிவுசெய்யப்பட்டது. ஜீ. பீ. சேனாநாயக்கவின் சிறுகதை ஒன்றைத் தழுவித் திஸ்ஸ அபேசேகர திரைவசனம் எழுத, எம். எஸ். ஆனந்தன் ஒளிப்பதிவு செய்தார். குறித்த அடையாளங்களைக் கழுத்திலே உடைய கன்னியொருத்தியைப் பலியிட்டாற் புதையல் கிட்டும் என்று நம்பும் வில்லி அபேநாயக்க என்பவன், அத்தகைய பெண்ணாகிய ஐரீனைத் தேடி மணம்புரிகிறான். அவளோ அவன் நோயுற்றபோது தாய்போலப் பேணுகிறாள். அவளிடம் அவனுக்கு அன்பு பிறக்கிறது. எனினும் பேராசை அவ்வன்பை வெல்கிறது. வழிபாட்டின் பேராலே அவளை மலைக்கு அழைத்துச் சென்று கொல்கிறான். புதையல் கிட்டவில்லை. தன் குற்றத்தைத் தானே எழுதி வைத்துவிட்டுத் தூக்கிட்டு மாய்கிறான்.

இது பேய்க்கதையாக முடிந்திருக்கக்கூடிய பொருள். பீரிஸ் இதை ஒரு குலத்தின் கதையாக மாற்றினார். உழைக்கத் தெரியாது, இழந்த செல்வத்தை மட்டும் மறக்க முடியாது வாழும் வீடு, தன்னிடத்து வந்த மெய்யான செல்வத்தைக் காணாமல், கல்லின் கீழே கிடக்கும் பொய்ச் செல்வத்துக்காக அதைப் பலியிடுகிறது. காமினி பொன்சேகா வீரச் சண்டைகளுக்குப் பேர்போன நடிகர். இங்கே அவர் குரலைத் தாழ்த்தி, விரல்கள் நடுங்க, தன்னைத் தானே அஞ்சும் ஒருவனாக வருகிறார். மாலினி பொன்சேகாவின் ஐரீன் அன்பைத் தவிர வேறொன்றும் அறியாதவள். அவ்வன்பே நம்மை அச்சுறுத்துகிறது. பழம்பெருமை என்னும் புதையலுக்காக வீட்டிலிருக்கும் உயிரைப் பலியிடும் பழக்கம் சிங்களவருக்கு மட்டும் உரியதன்று. தமிழராகிய நாமும் இவ்விடத்திலே நம்மை நாமே ஒருமுறை வினவிக்கொள்ளுதல் நன்று.

இனிக் குறைகளைக் கூறுவேன். குறை கூறாத மதிப்பீடு வாழ்த்துப்பாவேயன்றி விமர்சனமாகாது.

பீரிஸ் வரலாற்றைத் தொட்டபோதெல்லாம் அவருடைய கை தளர்ந்தது. போர்த்துக்கேயர் காலத்துக் கதையாகிய ‘சந்தேசய’ 1960 இல் பெருவெற்றி பெற்ற படம். ஆயினும் அதிலே கூட்டமும் குதிரையும் பாட்டும் உளவேயன்றி, பீரிஸ் இல்லை. காசியப்பனின் கதையை ஆங்கிலத்திலே கூறிய 1974 ஆம் ஆண்டுப் படமும், புரன் அப்புவைப் பற்றிய 1979 ஆம் ஆண்டுப் படமும் அத்தகையனவே. உள்ளறையிலே ஒரு முகத்தைப் பார்த்து நிற்கத் தெரிந்த கண், போர்க்களத்திலே எங்கே பார்ப்பதென்று அறியாது தடுமாறுகிறது. 1983 இல் வந்த ‘யுகாந்தய’ விக்கிரமசிங்கவின் மூன்று நாவல்களின் வரிசையை நிறைவு செய்தது. முதலாளியாகிய தந்தைக்கும் தொழிலாளர் பக்கம் சார்ந்த மகனுக்கும் இடையே நிகழும் முரண்பாடு அதன் பொருள். அங்கே மாந்தர் வாழ்வதிலும் பார்க்க வாதாடுவதே மிகுதி. மகனாக நடித்த றிச்சட் டி சொய்சா 1990 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கடத்திக் கொல்லப்பட்டார் என்பதை அறிந்தபின் அப்படத்தைப் பார்ப்பவனுக்கு, படத்துக்குள் இல்லாத ஒரு நடுக்கம் உண்டாகும். அது படத்தினால் வந்த நடுக்கமன்று, நாட்டினால் வந்தது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. பீரிசின் கமரா பெரும்பாலும் வளவ்வவின் விறாந்தையிலேயே நிற்கிறது. வேலையாட்கள் தட்டேந்தி வருவர், போவர், அவர்கள் போகும் குடிசைக்குக் கமரா போவது அரிது. 1970 ஆம் ஆண்டுகளிலே தோன்றிய இளைய நெறியாளர்கள் அவர்மீது சாட்டிய குற்றம் இதுவே. அதனை முற்றிலும் மறுக்க இயலாது. ஆயினும் 1980 இல் அவர் எடுத்த ‘பத்தேகம’ இதற்கு ஒரு விதிவிலக்கு. லெனாட் வூல்வ் 1913 இல் எழுதிய ஆங்கில நாவலின் படவடிவம் அது. வூல்வ் இலங்கைக்கு வந்து முதன்முதற் பணியாற்றியது யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே. பின்பு அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்து கண்ட காட்டுக் கிராமத்தை அவர் நாவலாக்கினார். ஜோ அபேவிக்கிரம நடித்த சிலிந்து என்னும் வேடன், பட்டினியாலும் கடனாலும் சட்டத்தாலும் துரத்தப்பட்டு ஈற்றிலே துப்பாக்கியைத் தூக்கும்போது, அவனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

மூன்றாவதாக, நம்மைப் பற்றிய கேள்வி. நான் பார்த்த அவருடைய படங்களுள் ஒன்றிலேனும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்வு கதையின் நடுவிலே வரவில்லை. ‘சந்தேசய’வுக்கு முதலிட்ட கே. குணரத்தினம் தமிழர். அவருடைய ஹெந்தளை விஜயா கலையகம் 1983 ஆம் ஆண்டு ஆடி மாதக் கலவரத்திலே தீக்கிரையாக்கப்பட்டது. சிங்களத் திரைப்படத்தின் பிறப்பிலும் வளர்ப்பிலும் தமிழரின் பொருளும் உழைப்பும் இருந்தன. சிங்களத் திரையிலோ தமிழரின் முகம் அரிதாயிற்று. இந்த மௌனத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதற்காகப் பீரிசைத் தனியே குற்றக் கூண்டில் ஏற்றவும் விரும்பவில்லை. ஒரு கலைஞன் தான் கூர்ந்து பார்த்ததையே உண்மையாகக் கூறமுடியும். அவர் தமக்குத் தெரியாத நம்மைப் படமெடுத்திருந்தால், மதுரையிலே எடுத்த சிங்களக் கிராமத்தைப் போல, அதுவும் அட்டை வீடாகவே முடிந்திருக்கும். நமது முற்றத்தைப் பிறர் வந்து காட்டவேண்டும் என்று காத்திருப்பது முறையோ?

நாம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதும் பிழை. 1972 இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராசா தயாரித்த ‘குத்துவிளக்கு’, 1978 இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எழுந்த ‘வாடைக்காற்று’ என்பன நம்மவரின் முயற்சிகள். அவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது 1977 இல் வந்த ‘பொன்மணி’. காவலூர் இராசதுரை எழுதிய அக்கதை யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் நேர்நின்று பார்த்தது. அதனை நெறிப்படுத்தியவர் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களவர். தென்னிலங்கையிலே பீரிஸ் திறந்த கதவின் வழியே வந்த ஒருவர் நமது படலையைத் தட்டினார். நாமோ அப்படத்தை ஆதரிக்கவில்லை. கொட்டகைகள் தென்னிந்தியப் படங்களால் நிறைந்திருந்தன. ‘ரேகாவ’வைச் சிங்களவர் கைவிட்டதுபோல நாம் ‘பொன்மணி’யைக் கைவிட்டோம். வேறுபாடு யாதெனின், அவர்கள் ஏழாண்டின் பின் ‘கம்பெரலிய’வைப் பெற்றார்கள். நமது ‘கம்பெரலிய’வை நாம் இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம்.

ஆகவே பீரிசைப் பற்றிய எனது முடிவு இது. இருபது படங்களுள் ஐந்தாறு படங்களே காலத்தை வென்று நிற்பன. அவற்றுள் ‘கம்பெரலிய’வும் ‘நிதானய’வும் எந்நாட்டுப் படங்களோடும் ஒப்பவைத்து எண்ணத் தக்கன. எஞ்சியவற்றில் தளர்ச்சி உண்டு, சமரசம் உண்டு. எனினும் எந்தப் படத்திலும் அவர் ஒருவரையும் இகழ்ந்ததில்லை, பார்ப்பவனை ஏமாற்ற முயன்றதில்லை, இனப்பகையைக் காசாக்கியதில்லை. உரத்துப் பேசுவதே அறிவென்று கருதப்பட்ட ஒரு நாட்டில், ஐம்பது ஆண்டு தாழ்ந்த குரலிலே பேசிக்கொண்டிருந்தார். அதுவே ஒரு வீரம்.

கல்லூரியிலே இன்று பயிலும் மாணவர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். நமது காலத்திலே படம் எடுப்பதென்றால் பெருமுதல் வேண்டியிருந்தது. இன்று உங்கள் சட்டைப் பையிலே கமரா இருக்கிறது. அதைக் கொண்டு நட்சத்திரங்களைப் பின்பற்றி ஆடுவதும் உங்கள் உரிமைதான். ஆனால் ஒருநாள், உங்கள் பாட்டியார் திண்ணையிலே தனியே இருந்து பாக்கு இடிக்கும்போது, அவருக்கு எதிரே அக்கமராவை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாது பொறுத்திருங்கள். அவர் வாய் திறந்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லாது விட்டது என்ன என்பதையும் பாருங்கள். நமது கதை அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்கும் பொறுமை நமக்கு உண்டோ என்பதே கேள்வி.